ஒரு வினைச்சொல்லும் ஒப்பாரிக் கோச்சியும்

செய்தித்தாளைக் கையிலெடுப்போர் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே தேடுவர். எவர், எவ்வூர், எத்தனை பேர் என்பன தெரிந்துவிட்டால் செய்தி தெரிந்துவிட்டதாகவே கொள்வது வாசகர் வழக்கம். வினைச்சொல்லோ வாக்கியத்தின் கடைசியில் ஓசையின்றி அமர்ந்திருக்கும். ஆயினும் ‘இறந்தனர்’ என்பதற்கும் ‘கொல்லப்பட்டனர்’ என்பதற்கும், ‘வெளியேறினர்’ என்பதற்கும் ‘வெளியேற்றப்பட்டனர்’ என்பதற்கும் இடையே ஒரு வழக்கே விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகின்றது என்பதை மொழி பயின்றோர் அறிவர். ஆங்கிலப் பத்திரிகைத்துறை இத்தகைய தீர்ப்புகளுக்கெனச் சில வினைகளைப் பேணி வருகின்றது. வீட்டிலும் சந்தையிலும் எவரும் பேசாத அவ்வினைகள் சட்டநூல்களிலிருந்தும் அரச அலுவலகக் கோவைகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. நடுநிலைமையின் தோற்றம் அவற்றுக்குப் பிறப்பிலேயே வாய்த்துவிடுகின்றது. அவற்றுள் ஒன்றான ‘ரிபேட்ரியேட்’ என்பது இலங்கை மலையகத் தமிழர் வாழ்விலும், குறிப்பாக மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புறங்களிலும், என்ன செய்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இச்சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘பட்ரியா’ என்பது தந்தையர் நாடு. ‘ரி’ என்னும் முன்னொட்டு மீண்டும் என்னும் பொருளது. 17ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துட் புகுந்தது. அதற்கு முன்னரே இதே இலத்தீன் வினை பிரெஞ்சு வழியாக ‘ரிப்பேர்’ என்னும் வடிவிலும் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. சைக்கிள் கடைப் பலகையில் எழுதப்பட்டிருக்கும் ‘ரிப்பேர்’ வேறு. ஓரிடத்துக்குச் செல்லுதல், ஒதுங்குதல் எனப் பழைய ஆங்கில நூல்களில் வருவதே இது. இலத்தீனில் இவ்வினை செயப்படுபொருள் குன்றியது. ஒருவன் தானே தன் நாட்டுக்கு மீள்வதைத்தான் அது உணர்த்திற்று. ஆங்கிலத்தில் அது செயப்படுபொருள் குன்றா வினையாகி, ஒருவரை மற்றொருவர் மீட்டனுப்புவதைக் குறிக்கத் தொடங்கிற்று. செய்பவர் மாறினாலும் சொல்லின் உள்ளே மடித்துவைக்கப்பட்ட கூற்றுகள் மாறவில்லை. இம்மனிதருக்கு ஒரு தந்தையர் நாடு உண்டு. அது இப்போது இவர் நிற்குமிடம் அன்று. இவர் முன்னர் அங்கே இருந்தவர். இம்மூன்றையும் எவரும் நிறுவத் தேவையில்லை. வினையைப் பயன்படுத்திய கணமே அவை நிறுவப்பட்டனவாகிவிடும்.

இனி மாத்தளைக்கு வருவோம். மலைநாட்டுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்த வழியின் வாயில் மாத்தளையே. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கென அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக, தம்புள்ளையைக் கடந்து ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். கொலராவும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. நடந்து தப்பியோர் கண்ட முதல் மலையகப் பட்டினம் மாத்தளை. அங்கு முத்துமாரியம்மன் கோயில் இத்துணைப் பெருஞ் சிறப்புடன் விளங்குவதற்கு அந்த வழிநடையின் நினைவும் ஒரு காரணம் எனக் கொள்வதில் தவறில்லை. நோயிலிருந்து காப்பவள் அவளன்றோ. கோப்பி அழிந்த பின் தேயிலையும், இறப்பரும், கொக்கோவும் வந்தன. உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவை ஆகிய பகுதிகளின் லயங்களில் தலைமுறைகள் பிறந்தன, அங்கேயே மாண்டன.

நாட்டைவிட்டு அனுப்புதல் என்னும் செயலை மாத்தளை அதற்கு முன்னரே ஒருமுறை கண்டதுண்டு. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தம்புள்ளையில் முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டாவுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் குறைக்கப்பட்டு, அவர் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். ஆங்கிலேயர் அச்செயலுக்கு ‘டிபோர்ட்’ என்னும் வினையைப் பயன்படுத்தினர். அது கடுமையான சொல், ஆயினும் நேர்மையானது. மலாக்கா அவருடைய தந்தையர் நாடென்று எவரும் சொல்லவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது யாவரும் அறிந்ததே. அடுத்த ஆண்டில் நிறைவேறிய இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் அவர்களுள் ஒரு சிறு தொகையினருக்கே வழிதிறந்தது. எஞ்சியோர் 975,000 பேர் எனக் கணக்கிடப்பட்டு, அத்தொகை 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்க, லால் பகதூர் சாஸ்திரி ஆகிய இரு பிரதமரிடையே பங்கிடப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பிறிதொரு நாளுக்கு. அந்தப் பிறிதொரு நாள் 1974இல் வந்தபோது அவர்களும் 75,000 வீதம் சரிபாதியாக்கப்பட்டனர். பாகப்பிரிவினைப் பத்திரங்களில் காணியும் மாடும் இவ்வாறு வகுக்கப்படுதல் உண்டு.

அவ்வொப்பந்தத்தின் ஆங்கில வாசகத்தை இலக்கணக் கண்கொண்டு நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இந்தியாவுக்குரியோர் பற்றிப் பேசும் இடங்களில் நமது வினை செயப்பாட்டு வடிவிலோ, தொழிற்பெயராகவோ வருகின்றது. அனுப்பப்படவேண்டிய ஆட்கள் என்கின்றது ஒப்பந்தம்; அவர்களை இந்திய அரசாங்கம் ஏற்கும் என்கின்றது. அம்மக்கள் எழுவாயாக நின்று இவ்வினையைத் தாமே செய்யும் இடம், சேமலாப நிதி முதலிய சொத்துக்களைக் கொண்டுசெல்லுதல் பற்றிய பிரிவிலேயே வருகின்றது. ஒரு குடும்பம் அவ்வாறு கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படலாகாது என்பது அங்குள்ள ஏற்பாடு. தம் பணத்தை ‘ரிபேட்ரியேட்’ செய்வோர் அவர்களே; அவர்களை ‘ரிபேட்ரியேட்’ செய்வோர் பிறர். பணத்துக்கு அவர்கள் என்ன உறவோ, அரசுகளுக்கு அவர்கள் அதே உறவு.

இவ்வினை எண்கணிதத்துக்குள்ளும் புகுந்தது. 525,000க்கும் 300,000க்கும் உள்ள விகிதம் ஏழுக்கு நான்கு. 1967ஆம் ஆண்டின் அமுலாக்கற் சட்டம் இந்தியப் பிரசாவுரிமை பெறுவோரின் தொகையோடு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குதலை இணைத்தது. 1970இல் ஆட்சி மாறிய பின்னர், பதிவு பெறுதல் போதாது, ஆட்கள் உண்மையாகவே கப்பலேறியிருத்தல் வேண்டும் என்ற நிலை வந்தது. ஆகவே எழுவர் புறப்பட்டாலன்றி நால்வருக்கு இந்நாட்டில் உரிமையில்லை. ஒரே லயத்தில் ஒரு காம்பிராவின் புறப்பாடு அடுத்த காம்பிராவின் பிரசாவுரிமைக்கு விலையாக நின்றது. இதனை அறிந்துகொண்டு பழைய பத்திரிகைகளில் ‘இத்தனை பேர் சென்றனர்’ என்னும் சிறு செய்தியைப் படிப்பவருக்கு அவ்வெண்ணின் கனம் வேறாகத் தோன்றும்.

தமிழ்ப் பத்திரிகைகள் இச்சொல்லை எவ்வாறு எடுத்தாண்டன என்பதே இங்கு மிகவும் சிந்தனைக்குரியது. ‘தாயகம் திரும்பினர்’, ‘தாயகம் திரும்பியோர்’ என்பன அச்சேறின. தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களில் ‘தாயகம் திரும்பியோர்’ என்பதே நிலைபெற்ற பெயருமாயிற்று. மேலெழுந்தவாரியாக நோக்கின் நல்ல தமிழாக்கமே. இலத்தீனின் தந்தை தமிழில் தாயானாள் என்பது ஒருபுறமிருக்க, ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று தமிழில் நேர்ந்துவிட்டது. தமிழில் திரும்பு, திருப்பு என்பன ஓரிணை. மெல்லெழுத்து நின்றால் தன்வினை. அது வல்லெழுத்தானால் பிறவினை. திருந்து என்பது திருத்து எனவும், அடங்கு என்பது அடக்கு எனவும் ஆகும் முறையே இது. ஆங்கில வினை பிறவினை. யாரோ ஒருவர் அவர்களைத் திருப்பினார். அந்த யாரோ ஒருவரைச் செயப்பாட்டு வடிவம் மறைத்துவைத்தது உண்மையே. எனினும் தேடுபவர்க்கு அகப்படும் தூரத்திலேயே அவர் மறைந்திருந்தார். தமிழ் வழக்கோ அவரை அறவே நீக்கிவிட்டது. திரும்பியோர் தாமே திரும்பினர். தாய்வீட்டுக்கு ஒரு மகள் திரும்புவதுபோலத் தம் விருப்பால், தம் காலால் திரும்பினர். ஒரு மகர ஒற்றுக்கும் ஒரு பகர ஒற்றுக்கும் இடையே இரண்டு அரசாங்கங்கள் கரந்துறைய இடமிருந்தது.

மேலும், ‘திரும்பு’ என்பது முன்பு அங்கிருந்த ஒருவரையே எழுவாயாக ஏற்கும். பாட்டனார் புறப்பட்ட ஊரின் பெயரைக்கூடத் திருத்தமாகச் சொல்ல அறியாத, எல்கடுவையில் பிறந்து அங்கேயே பெரட்டுக்களத்தில் பேர் பதிந்து நாற்பது ஆண்டு உழைத்த ஒருவர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு எப்படித் திரும்புவார்? அவர் போகலாம், அனுப்பப்படலாம், குடிபெயரலாம். திரும்புதல் மட்டும் அவரால் இயலாது. அவர் திரும்பக்கூடிய ஊர் எல்கடுவை ஒன்றே.

நீதி கருதிப் பத்திரிகையாளர் பக்கத்தையும் சொல்லுதல் வேண்டும். இரவு அச்சுக்குப் போகவேண்டிய செய்தியை ஆங்கிலத் தந்தியிலிருந்து தமிழாக்கும் உதவியாசிரியர் ஒருவருக்கு, சொல்லாராய்ச்சி செய்ய அவகாசமில்லை. ‘நாடுகடத்தப்பட்டனர்’ என எழுதினால் அது பொய்யாகிவிடும். இவர்களுட் பலர் விண்ணப்பப் படிவத்தில் தாமே கையொப்பமோ கைநாட்டோ இட்டவர்கள். ‘குடிபெயர்ந்தனர்’ என எழுதினால் ஒப்பந்தமே மறைந்துவிடும். அரசாங்கமும் தூதரகமும் தொழிற்சங்கங்களுங்கூட ஒரே சொல்லை ஆளும்போது பத்திரிகை வேறொன்றை ஆள்வது வீண் குழப்பமென்றும் அவர் கருதியிருக்கலாம். தவறு தனியொருவருடையதன்று. அலுவலகச் சொல் ஒன்று செய்திச் சொல்லாகும்போது அதைச் சோதித்து உட்புகவிடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் இல்லாமற் போனதே குறை.

‘தாமே கையொப்பமிட்டனர்’ என்பதையும் சற்று நிறுத்துப் பார்த்தல் தகும். விண்ணப்பங்கள் கோரப்பட்ட காலத்தில் இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரே. இந்தியாவுக்கென ஒதுக்கிய தொகையை அது எட்டவில்லை. இலங்கைப் பிரசாவுரிமை கோரியோரோ ஒதுக்கிய தொகையின் இரு மடங்குக்கும் மேற்பட்டனர். எது தம் நாடு என்று அம்மக்களைக் கேட்டபோது அவர்கள் தந்த விடை இதுவே. ஒப்பந்தம் முடிவாகும் முன்னர் அவர்களைக் கேட்டிருந்தால் அந்த விடை முன்னரே கிடைத்திருக்கும். பின்னர் காலம் பலரது மனத்தை மாற்றியது என்பதும் உண்மை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் கண்டி, மாத்தளை மாவட்டத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் கைமாறியும் போயின. உசவசம, ஜனவசம என்னும் பெயர்கள் அக்காலத்தவர்க்கு மறக்கக்கூடியவையல்ல. வேலை குறைந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் மாவுக்கும் அரிசிக்கும் நேர்ந்த தட்டுப்பாடு தோட்டங்களில் பட்டினிச் சாவுகளாயிற்று. 1977ஆம் ஆண்டின் வன்செயலும் மலையகத்தை விட்டுவைக்கவில்லை. மாத்தளையிலிருந்து ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு வெட்டினர்; மற்றொரு பகுதியினர் கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தின் வாசலில் நின்றனர். பசி கையொப்பமிட்டதை விருப்பம் கையொப்பமிட்டதாகப் பதிவுசெய்யும் வசதி படிவங்களுக்கு உண்டு.

உக்குவளைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்திலிருந்து அக்காலத்தில் புறப்பட்ட ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மாத்தளைப் புகையிரதப் பாதை 1880இல் திறக்கப்பட்டது. அது கண்டியிலிருந்து வந்து மாத்தளையோடு முடிந்துவிடுவது. வடக்கே செல்லத் தண்டவாளமில்லை. ஆகவே தலைமன்னாருக்குச் செல்லவேண்டியோர் முதலில் தெற்கே கண்டிக்கு இறங்கி, பேராதனை வழியே பொல்காவலைக்குப் போய், அங்கிருந்து மாகோ, அனுராதபுரம், மதவாச்சி என மீண்டும் வடக்கே ஏறவேண்டும். பாட்டன் நடந்து வந்த வழி தம்புள்ளையூடாக நேர் வழி. பேரன் அனுப்பப்பட்ட வழி பெருஞ்சுற்று. பேராதனை நிலையத்தைக் கடந்தே அவர்கள் போயினர். அக்காலத்தில் அங்கு பயின்ற மாணவர் சிலரேனும், அந்தப் பெட்டிகளிலிருந்து எழுந்த அழுகுரலைக் கேட்டிருப்பர்.

ஏனெனில் அவ்வண்டிக்கு மக்களே ஒரு பெயர் இட்டிருந்தனர்: ஒப்பாரிக் கோச்சி. மலையகப் பேச்சில் கோச்சி என்பது புகையிரதம். வழியனுப்ப வந்தோர் மேடையில் நின்று அழ, ஏறியோர் பெட்டிக்குள் இருந்து அழ, சாவீட்டில் பாடும் ஒப்பாரியே அங்கு பாடப்பட்டது. எந்த இலக்கண ஆசிரியரும் கற்பிக்காமல், எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடாமல் பிறந்த பெயர் அது. தாயகத்துக்குத் திரும்பும் ஒருவரை எவரும் ஒப்பாரி வைத்து அனுப்புவதில்லை என்னும் ஒரு வாதமே அப்பெயருக்குள் அடங்கியிருக்கின்றது. செய்தித்தாளில் ‘தாயகம் திரும்பினர்’ என்ற தலைப்பும், அதே நாளில் மேடையில் ஒப்பாரியும். இரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு செய்திகள். பின்னது மலையக எழுத்தாளர் கைகளிற் சிக்கிச் சிறுகதைகளிலும் கவிதைகளிலும் இடம்பெற்றது. பத்திரிகையின் செய்திப் பக்கத்துக்கு அது ஏறவில்லை. இலக்கியப் பக்கம் அறிந்த சொல்லைச் செய்திப் பக்கம் அறியாதிருந்தது விந்தையே.

தலைமன்னாரில் இராமானுஜம் என்னும் கப்பல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டமையால் அது இராமேஸ்வரத்துக்கே சென்றது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறைவதற்குள் துறைமுகமே இல்லாமற் போனதை நற்சகுனமாக எவர் கொள்வார்? அக்கரையில் மண்டபம் முகாம். அங்கிருந்து நீலகிரிக்கும் பிற மாவட்டங்களுக்கும், கூப்பனோடும் கடன் பத்திரத்தோடும். 1968இல் தமிழ்நாட்டரசு இவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோரின் மறுவாழ்வுக்கென ஒரு கூட்டுறவு வங்கி நிறுவப்பட்டது. ‘ரெப்கோ’ என்னும் அதன் பெயரின் முதலெழுத்துக்களில் நமது வினை இன்றும் ஒளிந்திருக்கின்றது. வினை அங்கே பெயராகிவிட்டது. ‘ரிபேட்ரியேட்’ என்றால் ஓர் ஆள். அவருக்கு அட்டை உண்டு, சான்றிதழ் உண்டு. செயல் முடிந்த பின்னும் செயலின் பெயர் ஆளை விடவில்லை. கூடலூரில் பிறந்த பிள்ளைகளையும் அது தொடர்ந்தது. திரும்பி வந்தவரை ஊரார் எங்ஙனம் அழைத்தனர் என்றால், ‘சிலோன்காரர்’ என்று. அரசின் ஆவணம் அவரை இந்தியாவுக்குத் திரும்பியவர் என்கின்றது. அயலவர் வாய் அவரை இலங்கையிலிருந்து வந்தவர் என்கின்றது. மாத்தளையில் ‘இந்தியத் தமிழர்’ எனக் குடிசன மதிப்பில் எழுதப்பட்டவரும் அவரே.

1984இல் போர்ச் சூழலில் கப்பற் சேவை நின்றது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதற்குள் சென்றுவிட்டனர். இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றும் கப்பலேற முடியாத பல்லாயிரவர் தோட்டங்களிலேயே தங்கிவிட்டனர்; தொடங்கிய வினை பாதியில் நின்றுபோயிற்று. அவர்களுக்கும் எஞ்சிய நாடற்றோருக்கும் இலங்கைப் பிரசாவுரிமை கிடைக்க 1988, 2003, 2009 எனச் சட்டத்தின்மேல் சட்டம் வேண்டியிருந்தது.

வினையோ ஓய்வு பெறவில்லை. போரினால் தமிழ்நாட்டுக்கு ஓடிய இலங்கை அகதிகளை 1992 முதல் இந்தியா திருப்பியனுப்பத் தொடங்கியபோது, அதே சொல் எதிர்த்திசையில் புறப்பட்டது. முகாம்களில் இருந்தோருள் மலையக வம்சாவளியினரும் பலர். முன்னர் இக்கரையிலிருந்து ‘ரிபேட்ரியேட்’ செய்யப்படவேண்டியிருந்த குடும்பங்களின் உறவினர், இப்போது அக்கரையிலிருந்து ‘ரிபேட்ரியேட்’ செய்யப்படவேண்டியோர் ஆயினர். இம்முறை ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகத்தின் வழக்குப்படி ‘தன்விருப்பிலான’ என்றோர் அடைமொழியும் உடன் வந்தது. ஒரு வினைக்கு இவ்வடை தேவைப்படுகின்றதென்றால், அடையில்லாத வேளையில் அது எத்தகையது என்பதை அவ்வடையே ஒப்புக்கொள்கின்றது. 1964இல் இந்த நேர்மைகூட அச்சொல்லுக்கு வாய்க்கவில்லை.

இக்காலத்துப் பத்திரிகைகளில் இச்சொல் பொருட்களுக்கும் பிணங்களுக்கும் இலாபப் பணத்துக்கும் தாராளமாக ஆளப்படுகின்றது. 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் கொள்ளையிட்ட லெவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் மீள ஒப்படைத்தபோதும் இவ்வினையே பொருந்தி வந்தது. பீரங்கிக்குப் பிறந்த இடமும் இருந்த இடமும் போகவேண்டிய இடமும் ஒன்றாகவே இருந்தமையால் அங்கு எவர்க்கும் ஐயமில்லை.

அதற்கு மூன்றாண்டு முன்னர், 2020இல், கொரோனாப் பெருந்தொற்றின்போது குவைத் முதலிய நாடுகளில் சிக்கியிருந்த இலங்கைத் தொழிலாளர் விமானங்களில் அழைத்துவரப்பட்டனர். ஆங்கிலப் பத்திரிகைகள் வழமைபோல் ‘ரிபேட்ரியேட்’ என எழுதின. தமிழ்ப் பத்திரிகைகள் ‘நாடு திரும்பினர்’ என்றன. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்வோருள் தோட்டப்புறப் பெண்களும் அடங்குவர். அப்பெண்களுள் ஒருத்தி இரத்தோட்டைக்கு மேலேயுள்ள லயத்துக்கு வந்து சேர்ந்திருப்பாளாயின், அவளைப் பற்றிய அந்தச் செய்தியில் வினை பிழையின்றி இருந்தது.